வேலி தாண்டிய சாப்பாடு



தலைப்பைக் கேட்டுவிட்டுச் சிலர் வாசலிலேயே என்னை நிறுத்தினார்கள். "நாகசாகியா? அந்த ஊரை வைத்துக்கொண்டு சாப்பாட்டைப் பற்றியா பேசப்போகிறீர்கள்?" என்றார்கள். நியாயமான கேள்விதான். நமக்கு அது பாடப்புத்தகத்தில் ஹிரோஷிமாவுக்கு அடுத்த வரியில் வரும் பெயர். 1945 ஆகஸ்டில் கடிகாரம் நின்றுபோன ஊர். ஆனால் அங்கே இன்றைக்கும் நான்கு லட்சத்தை ஒட்டிய மக்கள் வாழ்கிறார்கள், வேளாவேளைக்குப் பசிக்கிறது, சாப்பிடுகிறார்கள். அதுவும் ஜப்பானில் வேறெங்கும் அமையாத ஒரு வகையில் சாப்பிடுகிறார்கள். அந்தத் தட்டில் இருப்பதையும், அது எப்படி அங்கே வந்தது என்பதையும் ஒரு நாள் பொழுதாக நடந்து பார்ப்போம். குண்டு விழுந்த இடமும் வழியில் வரும். அதைச் சுற்றிக்கொண்டு போகப்போவதில்லை.

முதலில் கொஞ்சம் வரலாறு. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பசி நேரத்தில் வரலாறு நீளக் கூடாது.

1571-இல் போர்ச்சுகீசியக் கப்பல்களுக்காகத் திறந்துவிடப்பட்ட துறைமுகம் நாகசாகி. வணிகத்தோடு கிறிஸ்தவமும் வந்தது. ஆட்சியாளர்களுக்கு வணிகம் பிடித்தது, மதம் பிடிக்கவில்லை. 1636-இல் துறைமுகத்து ஓரமாகக் கடலைத் தூர்த்து விசிறி வடிவில் ஒரு தீவைக் கட்டி, போர்ச்சுகீசியர்களை அதற்குள் அடைத்தார்கள். தெஜிமா என்று பெயர். நாலு ஏக்கருக்கும் குறைவான நிலம், கரைக்குப் போக ஒரே ஒரு பாலம். 1639-இல் போர்ச்சுகீசியர்களை நாட்டைவிட்டே துரத்தினார்கள். 1641-இல் டச்சுக்காரர்களை அதே தீவில் கொண்டுவந்து வைத்தார்கள். அடுத்த இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக ஐரோப்பியர்களுக்கு ஜப்பானில் கால்வைக்க அனுமதி இருந்த ஒரே இடம் அதுதான். சீன வணிகர்கள் தொடக்கத்தில் ஊர்மக்களோடு கலந்து குடியிருந்தார்கள். 1689-இல் அவர்களுக்கும் மதில் வைத்த தனிக் குடியிருப்பு வந்தது.

ஆக, ஊருக்குள் இரண்டு வேலிகள். உள்ளே இருப்பவன் வெளியே வரக் கூடாது, வெளியே இருப்பவன் உரிமச்சீட்டு இல்லாமல் உள்ளே போகக் கூடாது. இன்று நாகசாகியின் "உள்ளூர்ச் சிறப்பு" என்று கடைத்தெருவில் விற்கும் பண்டங்களில் பெரும்பாலானவை இந்த வேலிகளைத் தாண்டிக் கசிந்தவை. ஊர்மண்ணில் விளைந்தது என்று சொல்ல அந்தப் பட்டியலில் அதிகம் தேறாது. நான் இன்று சொல்ல வந்ததே இதுதான்.

எப்படிக் கசிந்தது? ஓர் எடுத்துக்காட்டு. கிறிஸ்துமஸ் கொண்டாடத் தடை. டச்சுக்காரர்கள் அதைச் சாமர்த்தியமாகக் குளிர்கால விழா என்று நடத்தினார்கள். அதோடு தங்கள் காலண்டர்ப்படி ஜனவரி முதல் நாளில் ஒரு புத்தாண்டு விருந்தும் வைப்பார்கள். ஜப்பானிய அதிகாரிகளுக்கும் மொழிபெயர்ப்பாளர்களுக்கும் அழைப்பு உண்டு. மேசை நிறைய இறைச்சி, வெண்ணெய், கேக். நாலுகால் பிராணியின் இறைச்சியை வெளிப்படையாக உண்ணாத காலம் அது. விருந்தினர்கள் மரியாதைக்குச் சூப்பைத் தொட்டுவிட்டு, மற்றதையெல்லாம் பொட்டலம் கட்டி வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். அந்தப் பொட்டலத்தை அவர்கள் வீட்டில் யார் பிரித்தார்கள், முதலில் யார் வாயில் போட்டுப் பார்த்தார்கள் என்று வரலாறு எழுதவில்லை. எழுதியிருந்தால் அதுதான் உலகின் மிகச் சுவையான சமையல் வரலாறாக இருந்திருக்கும்.

இங்கே நம் கரையையும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். தெஜிமாவில் இருந்தது நாகப்பட்டினத்திலும் பழவேற்காட்டிலும் கோட்டை வைத்திருந்த அதே டச்சுக் கம்பெனி. ஜப்பானின் செம்புக் கட்டிகள் அவர்கள் கப்பலில் சோழமண்டலக் கரைக்கு வந்தன. நம் நெசவாளர்களின் கோடு போட்ட பருத்தித் துணி அங்கே போனது. மயிலாப்பூரின் சாந்தோம் பெயரிலேயே அந்தத் துணி ஜப்பானில் விற்றிருக்கிறது. துணி போன அளவுக்கு நம் புளியும் மிளகும் அங்கே போய் ஒட்டிக்கொள்ளவில்லை. எனக்கு அதில் சிறு வருத்தம்தான்.

ஒட்டிக்கொண்டது சர்க்கரை.

சீனக் கப்பல்களும் டச்சுக் கப்பல்களும் சர்க்கரையைக் கொண்டுவந்து குவித்தன. கப்பலின் அடித்தட்டில் பாரத்துக்காகவும் அதையே போட்டு வருவார்கள் என்பார்கள். விலை உயர்ந்த சரக்கு, கொள்ளை லாபம். மூட்டை தூக்கும் கூலிகளுக்குச் சிந்தியது கிடைத்தது. கணிகையர் தெருவான மருயாமாவின் பெண்களுக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது. கோயில்களுக்குக் காணிக்கையாகப் போனது. மற்ற ஊர்களில் மருந்துக் கடையில் கிடைத்த பொருள், இந்த ஊரில் அடுக்களைக்குள் வந்துவிட்டது. விருந்தாளிக்கு வைக்கும் பண்டத்தில் இனிப்புக் குறைந்தால் "நாகசாகி ரொம்பத் தூரமோ?" என்று குத்திக்காட்டும் வழக்கு உண்டு.

நாகசாகியிலிருந்து வடக்கே கோகுரா வரைக்கும் ஒரு நெடுஞ்சாலை போனது. நாகசாகி கைதோ. ஏறக்குறைய 228 கிலோமீட்டர், வழியில் 25 தங்கல் ஊர்கள். சர்க்கரை அந்தச் சாலை வழியாக ஏறிப் போனது. போன இடமெல்லாம் ஒரு பலகாரத்தை விட்டுவிட்டுப் போனது. சாகாவில் மருபோரோ என்ற மெத்தென்ற பிஸ்கட், ஓகியில் யோகான் என்ற பயற்றுக் கட்டி, ஈசுகாவில் உள்ளே இனிப்புப் பூரணம் வைத்த மஞ்சு. இன்றும் அந்தந்த ஊர்ப் பெயரோடு அவை விற்கின்றன. 2020-இல் ஜப்பானிய அரசு அந்தச் சாலையைச் சர்க்கரைச் சாலை என்றே பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஒரு கொசுறுச் செய்தி: 1728-இல் வியட்நாமிலிருந்து சீனக் கப்பலில் நாகசாகி வந்து இறங்கிய யானை, மறு ஆண்டு இதே சாலையில் புறப்பட்டு நடந்தே எடோ வரைக்கும், அதாவது இன்றைய டோக்கியோ வரைக்கும் போனது. நாட்டை ஆண்ட ஷோகுன் யானை பார்க்க ஆசைப்பட்டாராம்.

சரி, காலை. நாகசாகியில் காலையை கஸ்தெராவில் தொடங்குவதே முறை. போர்ச்சுகீசியர் விட்டுப்போன கேக் இது. ஃபுகுசாயா என்ற கடை 1624-இல் தொடங்கியது. வௌவால் அவர்களின் முத்திரை. சீனர்களுக்கு வௌவால் மங்கலச் சின்னம். போர்ச்சுகீசியக் கேக், ஜப்பானியக் கடை, சீன முத்திரை. மூன்றும் ஒரே பெட்டியில்.

கஸ்தெராவில் முட்டை, மாவு, சர்க்கரை, மிஸுஅமே என்னும் மாப்பாகு. அவ்வளவுதான். வெண்ணெய் கிடையாது, பால் கிடையாது. அடுப்பும் கிடையாது. ரொட்டி சுடும் வெதுப்படுப்பு இல்லாத நாட்டில், பாத்திரத்துக்குக் கீழே கரி, மூடிமேல் கரி என்று போட்டுச் சுட்டார்கள். நம் ஊரில் வெதுப்படுப்பு இல்லாத காலத்தில் கிறிஸ்துமஸுக்குச் சட்டி மூடியில் கங்கு கொட்டி கேக் சுட்ட வீடுகளை உங்களில் வயதானவர்கள் பார்த்திருப்பீர்கள். அதே யுக்தி. இப்போது மரச் சட்டத்தில் மாவை ஊற்றி நவீன அடுப்பில் சுடுகிறார்கள். ஆனால் சூடு ஏறத் தொடங்கியதும் வெளியே இழுத்து, மாவைக் கிளறி, பெரிய காற்றுக் குமிழ்களை உடைத்துவிட்டு மறுபடி உள்ளே தள்ளும் வேலை இன்னும் கைவேலைதான். அந்தக் கிளறலில்தான் நெருக்கமான, ஈரம் காக்கும் பதம் வருகிறது. அடியில் பருவெட்டுச் சர்க்கரை கரையாமல் நிற்கும், பல்லில் நறநறக்கும். சுட்ட அன்றே சாப்பிடுவதைவிட ஒரு நாள் ஆறவிட்டுச் சாப்பிடுவது மேல். மார்ச் 3 பெண்குழந்தைகள் திருநாளுக்கு இதையே அடியாக வைத்து, மேலே பீச் பழ வடிவில் சர்க்கரைப் பூச்சுப் போட்டு விற்பார்கள். அதில் அரைப் பழத்துக்கு மேல் தின்றவர்கள் குறைவு என்பது என் துணிபு. தித்திப்பு அப்படி.

காலைப் பசி கேக்கில் அடங்காதவர்கள் ஹமாமாச்சி அங்காடித் தெருவுக்குப் போகலாம். 1866-இல் தொடங்கிய யொஸ்ஸோ என்ற கடையில் சவன்முஷி கிடைக்கும். முட்டையும் மீன்சாறும் கலந்து ஆவியில் வேகவைத்தது. மற்ற ஊர்களில் இது சிறு கிண்ணத்தில் ஒரு துணைப் பண்டம். இங்கே பெரிய கிண்ணம் நிறைய வரும், உள்ளே இறால், விலாங்கு, காளான் எல்லாம் புதைந்திருக்கும். கூடவே ஆவியில் சூடேற்றிய சுஷிச் சோறு இன்னொரு கிண்ணம். இரண்டையும் சேர்த்துக் கேட்டால் கணவன் மனைவி என்று பொருள்படும் பெயரில் ஜோடியாக வைப்பார்கள்.

அடுத்தது மதியம், நான் மெனக்கெட்டுப் பேச விரும்பும் வேளை. சாம்பொன்.

1899-இல் சீனாவின் ஃபூஜியான் பகுதியிலிருந்து வந்த சென் பிங்ஷுன் என்பவர் ஷிகைரோ என்ற உணவு விடுதியைத் தொடங்கினார். வேலி இடிந்து நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. ஊரில் ஏழைச் சீன மாணவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு மலிவாக, வயிறு நிறைய, சத்தாக ஒரு கிண்ணம் வேண்டும். தன் ஊர் நூடுல்ஸை எடுத்து, நாகசாகிக் கடலில் மலிவாகக் கிடைத்ததையும் காய்கறிச் சில்லறையையும் அதில் போட்டார். பன்றித் துண்டு, குட்டி இறால், கணவாய், மட்டி, முட்டைகோஸ், முளைப்பயறு, இளஞ்சிவப்பும் பச்சையுமாக மீன்மாவுக் கட்டி. இத்தனையையும் பன்றிக் கொழுப்பில் பெரிய இரும்பு வாணலியில் தீ எழும்ப வதக்க வேண்டும். அதிலேயே எலும்புச் சாற்றை ஊற்ற வேண்டும். அதிலேயே நூடுல்ஸைப் போட்டுக் கொதிக்கவிட வேண்டும்.

இந்தக் கடைசி "அதிலேயே"தான் முக்கியம். ராமெனில் நூடுல்ஸ் தனியே வேகும், சாறு தனியே கொதிக்கும், கிண்ணத்தில்தான் சந்திக்கும். சாம்பொனில் எல்லாம் ஒரே வாணலியில். சாறு நூடுல்ஸுக்குள் இறங்கும், நூடுல்ஸின் மாவு சாற்றைக் கெட்டிப்படுத்தும். அதற்குத் தாங்கும் நூடுல்ஸ் வேண்டுமே! மாவு பிசைய தோஅகு என்ற கார நீர் சேர்க்கிறார்கள். ராமெனுக்குப் போடும் காரத்திலிருந்து இது வேறு, சோடியம் கார்பனேட் மிகுந்தது. நூடுல்ஸுக்கு ஒரு தனி வாசமும், கொதித்தாலும் குழையாத உடலும் அதனால் வருகின்றன. வேறு ஊரில் சாம்பொன் சாப்பிட்டுவிட்டு "என்னவோ குறைகிறதே" என்று நாகசாகிக்காரர் முகம் சுளித்தால், பெரும்பாலும் குறைவது இந்தக் கார நீர்தான்.

ஷிகைரோ இன்றும் ஓஉரா தேவாலயத்துக்குக் கீழே, துறைமுகத்தைப் பார்த்தபடி பெரிய கட்டடமாக நிற்கிறது. உள்ளேயே சாம்பொனுக்கு ஒரு சிறு அருங்காட்சியகம். ஏழை மாணவனுக்காகப் பிறந்த கிண்ணத்துக்கு அங்கே இன்று வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது. வரிசை பிடிக்காதவர்கள் எந்தச் சந்தில் நுழைந்தாலும் ஒரு சீனச் சாப்பாட்டுக் கடை இருக்கும், சாம்பொன் இருக்கும். இந்தப் பண்டம் எல்லாருடையதும் ஆகிவிட்டது. ஜப்பான் முழுக்கக் கிளை பரப்பி, மலிவு விலையில் சாம்பொன் விற்கும் ரிங்கர் ஹட் நிறுவனமும் நாகசாகியில் பிறந்ததே. அந்தப் பெயர் நாகசாகியில் வாழ்ந்த ஃபிரெடரிக் ரிங்கர் என்ற ஆங்கில வணிகருடையது. சீனக் கிண்ணத்துக்கு ஆங்கிலேயர் பெயர் பலகை. இந்த ஊரில் இதற்கெல்லாம் யாரும் ஆச்சரியப்படுவதில்லை.

சாம்பொனுக்கு ஒரு தம்பி உண்டு, சாரா உதொன். வீட்டுக்கு எடுத்துப் போகும்போது சாறு சிந்துகிறதே என்று சாற்றை வற்ற வைத்துத் தட்டில் பரிமாறத் தொடங்கியது என்பார்கள். மொறுமொறுவென்று பொரித்த மெல்லிய நூடுல்ஸ் மேல் கொழகொழவென்று காய்கறிக் குழம்பை ஊற்றும் வகையும் பின்னால் வந்தது. வீட்டு விசேஷங்களுக்குப் பெரிய தட்டு நிறைய வரவழைப்பார்கள். அதன்மேல் வூஸ்டர் சாஸ் ஊற்றிக்கொள்வது ஊர் வழக்கம். உள்ளூரில் தயாராகும் கிஞ்சோ சாஸ் என்று ஒன்று இதற்கென்றே உண்டு. குழம்பு இனிப்பு, சாஸ் புளிப்பும் காரமும். முதலில் ஊற்றாமல் பாதி, பிறகு ஊற்றி மீதி என்று சாப்பிடுங்கள். ஊற்றிய பாதிதான் எனக்குப் பிடித்தது.

மதியத்துக்குப் பிறகு ட்ராம் பிடிக்கலாம். 1915 முதல் ஓடுகிறது. எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் ஒரே கட்டணம். வடக்கே போகும் வண்டி உரகாமிக்குப் போகும்.

1945 ஆகஸ்ட் 9, காலை 11:02. அன்றைய முதல் இலக்கு நாகசாகியே இல்லை, கோகுரா. அங்கே மேகமும் புகையும் மறைத்ததால் விமானம் இங்கே திரும்பியது. சற்று முன் சொன்னேனே, சர்க்கரைச் சாலை, அதன் இரு முனைகள்தான் இந்த இரண்டு ஊர்களும். குண்டு விழுந்தது ஊரின் வடக்கே உரகாமிப் பள்ளத்தாக்கில். தெற்கே இருந்த பழைய ஊருக்கும் அதற்கும் நடுவே மலைகள். அந்த ஆண்டு முடிவதற்குள் இறந்தவர்கள் சுமார் 70,000 பேர். வெந்த உடலோடு தண்ணீர், தண்ணீர் என்று கேட்டு இறந்தவர்களுக்காக 1969-இல் அமைதிப் பூங்காவில் ஒரு நீரூற்றுக் கட்டினார்கள். அங்குள்ள சிலைகளைவிட எனக்கு அது பொருத்தமானதாகப் பட்டது. கேட்டது தண்ணீர், கொடுத்தது தண்ணீர்.

அதே பூங்காவில் கைவண்டி வைத்துக்கொண்டு வயதான பெண்கள் சிரின் சிரின் ஐஸ் விற்பார்கள். மணியடித்து விற்பதால் அந்தப் பெயர். தட்டையான கரண்டியால் இதழ் இதழாக வழித்து ஒட்டி, ரோஜாப் பூவாக்கிக் கொடுப்பார்கள். பள்ளிப் பிள்ளைகள் சுற்றி நின்று வாங்குகிறார்கள். அந்த இடத்தில் ஐஸ் தின்பது சரியா என்று தயங்குகிறவர்களும் உண்டு. நான் வாங்கினேன். ஊர்க்காரர்களே தயங்காதபோது வெளியூர்க்காரன் தயங்குவதற்கு என்ன இருக்கிறது?

மாலை. ட்சுருசான் என்ற கடை 1925-இல் தொடங்கியது, கியூஷூ தீவிலேயே மூத்த காப்பிக் கடை என்று பெயர். இங்கே மில்க் ஷேக்கைக் கரண்டியால் சாப்பிட வேண்டும். முட்டையும் பாலும் சர்க்கரையும் நொறுக்கிய பனிக்கட்டியோடு அடித்தது. இதே கடையில் துருக்கிச் சோறு என்று ஒரு தட்டும் கிடைக்கும். கறிப்பொடி மணக்கும் சோறு, அதன் பக்கத்தில் தக்காளி கெச்சப் போட்ட ஸ்பகெட்டி, மேலே ரொட்டித்தூளில் பொரித்த பன்றிக் கட்லெட், அதன் மேல் பழுப்புக் குழம்பு. பன்றி இறைச்சிக்குத் துருக்கிப் பெயர் எப்படி வந்தது என்பதற்கு ஊரில் ஆளுக்கொரு கதை. ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. பேரழகான தட்டு என்று நான் சொல்ல மாட்டேன். போருக்குப் பின் வந்த தலைமுறை தன் பசிக்கு எல்லாவற்றையும் ஒரே தட்டில் கேட்டிருக்கிறது, கடைக்காரர் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

இரவு ஷிப்போகு. இந்த ஊரின் பெருவிருந்து இது. ஜப்பானில் விருந்தென்றால் ஆளுக்கொரு தனிப் பலகை, அவரவர் தகுதிக்கேற்ற இடம். ஷிப்போகுவில் சிவப்பு அரக்குப் பூசிய வட்ட மேசை. எல்லாரும் சுற்றி உட்கார்ந்து பொதுத் தட்டிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். சீனர்களிடமிருந்து வந்த வழக்கம். வட்ட மேசைக்குத் தலைமாடு கால்மாடு கிடையாது. சாமுராய்க் காலத்தில் அது சின்ன விஷயம் இல்லை. விடுதியின் தலைவி வந்து "ஓஹிரே எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொன்ன பிறகுதான் கை வைக்கலாம். ஓஹிரே என்பது மீன் துடுப்பு போட்ட தெளிந்த சாறு. அது முடியும் வரை வாழ்த்துரை கிடையாது, மது கிடையாது. சொற்பொழிவாளர்களை அடக்க இதைவிட நல்ல ஏற்பாடு நான் கண்டதில்லை.

பிறகு வரிசையாக வரும். ககுனி என்ற பன்றி வயிற்றுக் கறி, சோயாவும் சர்க்கரையும் போட்டுப் பல மணி நேரம் வேகவைத்தது. மேல்மாவிலேயே சர்க்கரை கலந்த, தொட்டுக்கொள்ள எதுவும் வேண்டாத நாகசாகித் தெம்புரா. ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே இறால் விழுது வைத்துப் பொரித்த ஹதோஷி. மடவை மீன் சினையை உப்பிட்டு வெயிலில் காயவைத்து மெல்லியதாக அரிந்த கரசுமி. ஷோகுன்கள் ஆண்ட காலத்திலேயே நாட்டின் மூன்று அரும்பண்டங்களில் ஒன்றென்று பேரெடுத்தது. கடைசியில் உமேவன். சிவப்புப் பயறும் சர்க்கரையும் சேர்ந்த பாயசத்தில் உப்பிலிட்ட செர்ரிப் பூ மிதக்கும். மருயாமாவில் 1642 முதல் இருக்கும் ககெட்சு விடுதி ஷிப்போகுவுக்குப் பேர்போன இடம். தூணில் சாமுராய் சகமோதோ ரியோமாவின் வாள் வெட்டு என்று ஒரு தழும்பைக் காட்டுவார்கள். விலை அதிகம், முன்பதிவு வேண்டும், தனி ஆளாகப் போனால் பெரும்பாலும் நடக்காது. வட்ட மேசைக்கு ஆள் வேண்டுமல்லவா? தனியாகப் போகிறவர்கள் ஷிஞ்சி சீனக்கடைத் தெருவில் ககுனி மஞ்சு வாங்கித் தின்னலாம். அதே கறித்துண்டை வெள்ளை ஆவிரொட்டிக்குள் மடித்துக் கையில் தருவார்கள். விருந்தின் சாரம் அதில் பாதிக்கு மேல் வந்துவிடுகிறது.

முன்வரிசையில் சிலர் முகத்தில் ஒரு கேள்வி நெடுநேரமாக நிற்கிறது. சைவம் உண்பவர்கள் என்ன செய்வது? நேராகச் சொல்லிவிடுகிறேன், கஷ்டம். காய்கறிச் சாம்பொன் என்று கேட்டாலும் சாறு எலும்புச் சாறு. கஸ்தெராவில் முட்டை. ஆனால் ஒரு வழி இருக்கிறது, அதுவும் இந்தத் துறைமுகத்தில் வந்து இறங்கியதுதான். 1654-இல் இன்கென் என்ற சீனத் துறவி நாகசாகி வந்தார். ஓபாகு ஜென் மரபு அவரால் ஜப்பானில் வேரூன்றியது. அவரோடு ஃபுச்சா என்ற மடத்துச் சைவ விருந்தும் வந்தது. அதுவும் எல்லாரும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகிர்ந்துண்பது. எள்ளெண்ணெயில் வதக்கிய காய், குஸு மாவில் கெட்டிப்படுத்திய குழம்பு, எள்ளு தோஃபு. தோஃபுவை மசித்துக் கடற்பாசித் தாளில் பரப்பிப் பொரித்து, விலாங்கு மீன் போலவே கோடு போட்டுக் கொண்டுவந்து வைப்பார்கள். பயப்படாமல் சாப்பிடலாம். முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும், அவ்வளவுதான்.